மலை ஆட்டின் பிப்ரவரிக் கணக்கு

வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலும் ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய செவியட் குன்றுகளிலும் நவம்பர் இருபதாம் தேதியை ஒட்டித்தான் பொலிகிடாயை மந்தைக்குள் விடுகிறார்கள். காரணம் ஒரு எளிய கணக்கு. செம்மறி சுமார் 147 நாள் சினை சுமக்கும். நவம்பர் 20-இல் சேர்ந்த ஆடு ஏப்ரல் 16 வாக்கில் குட்டி போடும். ஒரு மாதம் முந்திப் பிறந்தால் மலையில் புல் இருக்காது, பனி இருக்கும். ஒரு மாதம் பிந்திப் பிறந்தால் அடுத்த குளிர் வருவதற்குள் குட்டி தேறாது. சமவெளிப் பண்ணைக்காரர்கள் பிப்ரவரி, மார்ச்சிலேயே குட்டி எடுத்து நல்ல விலைக்கு விற்றுவிடுவார்கள். மலைக்காரர்களுக்கு அந்த வசதி கிடையாது. புல் சொல்லும் தேதிதான் அவர்களுக்குத் தேதி.

ஆட்டின் உடலும் இதற்கு ஒத்துப்போகிறது. எடின்பரோவில் ஜூன் மாதப் பகல் பதினேழரை மணி நேரம் நீளும். டிசம்பர் கடைசியில் ஏழு மணி நேரமாகச் சுருங்கிவிடும். இலையுதிர் காலத்தில் இரவு நீள நீள ஆட்டின் மூளையில் மெலடோனின் சுரக்கும் நேரம் கூடுகிறது. அதுதான் சினைப்பையைத் தட்டி எழுப்புகிறது. தமிழ்நாட்டுச் செம்மறிகளுக்கு இந்தக் கெடுபிடி பெரிதாக இல்லை. இங்கே பகல் நீளம் ஆண்டு முழுக்க அதிகம் மாறாது. மேய்ச்சல் நன்றாக இருந்தால் எந்த மாதத்திலும் பருவத்துக்கு வரும்.

கிடாயை விடும்போது அதன் நெஞ்சில் சாயம் பூசுவார்கள், அல்லது வண்ணக்கட்டி பொருத்திய வாரைக் கட்டிவிடுவார்கள். கிடாய் ஏறிய பெட்டையின் பின்புறத்தில் அந்த வண்ணம் ஒட்டிக்கொள்ளும். பெட்டைக்கு 17 நாளுக்கு ஒருமுறை பருவம் திரும்பும் என்பதால், ஏறக்குறைய அதே இடைவெளியில் சாயத்தை மாற்றுவார்கள்: முதலில் மஞ்சள், அடுத்து சிவப்பு, கடைசியில் நீலம். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போனால்தான் பழைய அடையாளத்தின் மேல் புதியது தெரியும். மஞ்சளோடு நின்றுவிட்ட ஆடு முதல் சுற்றிலேயே சினை பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மந்தையில் பெரும்பாலானவற்றுக்கு மஞ்சளின்மேல் சிவப்பும் ஏறியிருந்தால் கிடாயின்மேல் சந்தேகம் வரும். ஆக, எந்த ஆடு எப்போது குட்டி போடும் என்பதைச் சாயமே ஓரளவு காட்டிவிடுகிறது. வயிற்றில் எத்தனை என்பதை மட்டும் அதனால் காட்ட முடியாது. மலைப்பண்ணையில் பணமும் தீவனமும் குட்டியின் உயிரும் அந்த எண்ணிக்கையில்தான் தொங்குகின்றன.

ஸ்கேன் கருவியால் அதை எண்ணுவதற்கு ஏற்ற காலம் சினையின் 45-ஆம் நாளிலிருந்து 90-ஆம் நாள் வரை. அதற்கு முன் கரு மிகச் சிறியது, ஒன்றைத் தவறவிடலாம். 90-ஐத் தாண்டிவிட்டால் குட்டி பெரிதாகி ஒன்றே திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தால் தெரியாது. பிப்ரவரி 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 20-இல் சேர்ந்த ஆடு அன்று 87-ஆம் நாளில் இருக்கும். மூன்றாம் சுற்றில், டிசம்பர் 25 வாக்கில் சேர்ந்தது 52-ஆம் நாளில் இருக்கும். முந்தியதும் பிந்தியதும் ஒரே நாளில் பார்க்கத் தோதாக வந்து நிற்கின்றன. மந்தையை மலையிலிருந்து இறக்குவது நாய்களும் ஆட்களும் சேர்ந்து நாள் முழுக்கச் செய்யும் வேலை. அதை இரண்டு முறை செய்ய யாருக்கும் மனம் வராது.

ஸ்கேன் செய்பவர் பெரும்பாலும் கால்நடை மருத்துவர் அல்ல. இதையே தொழிலாகக் கொண்டு, குளிர்காலம் முழுவதும் பண்ணை பண்ணையாகப் போகிறவர். ஆடுகள் வரிசையாக வரும் ஓட்டுப்பாதையின் முடிவில் அவருடைய டிரெய்லரை நிறுத்துவார்கள். முந்தின இரவே ஆடுகளைத் தீவனத்திலிருந்து விலக்கி வைத்திருப்பார்கள். முதல் இரைப்பை நிரம்பிக் கிடந்தால் கருப்பையை மறைத்துவிடும். அவர் தாழ்வான இருக்கையில், ஆட்டின் மடிக்கு நேராகக் கண்ணும் கையும் இருக்கும்படி உட்கார்ந்திருப்பார். ஆடு கூண்டுக்குள் வந்து நிற்கும். ஒரு கை ஆய்வுமுனையைப் பின்னங்காலுக்கும் மடிக்கும் நடுவே அழுத்தும்.

ஏன் அந்த இடம்? அங்கேதான் கம்பளி இல்லை. உயரதிர்வெண் ஒலிக்குக் காற்றுதான் பெரிய எதிரி. காற்றைத் தொட்டதும் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். கம்பளி என்பதே காற்றைச் சிறைபிடித்துக் குளிரைத் தடுக்கும் ஏற்பாடு. ஆட்டைப் பனியிலிருந்து காப்பாற்றும் அதே பொருள் ஒலியை உள்ளே விடாது. தொடை இடுக்கின் வெறும் தோலில் தண்ணீரோ ஜெல்லோ தடவினால் வழி திறந்துவிடும்.

உள்ளே போகும் ஒலி வினாடிக்கு 35 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுகள் கொண்டது. தசையில் அது வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் ஓடும். அலைநீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால்தான் விரல் பருமன் விலாக்கூட்டில் எலும்புகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. பத்து சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்ப ஆகும் நேரம் ஒரு வினாடியில் ஏறக்குறைய எட்டாயிரத்தில் ஒரு பங்கு. கருவி இந்த நேரத்தை அளந்து ஆழமாக மாற்றி, எதிரொலியின் வலுவை வெளிச்சமாக மாற்றித் திரையில் வரைகிறது. பனிக்குட நீர் எதையும் திருப்பி அனுப்பாததால் கறுப்பாகத் தெரியும். எலும்பு வெள்ளை. கருப்பைச் சுவரெங்கும் மெதுவடை மெதுவடையாக வட்டங்கள் தெரியும். அவை நஞ்சு கருப்பையோடு பிணையும் முடிச்சுகள். மனிதருக்கு நஞ்சு ஒரே வட்டத் தட்டு. ஆட்டுக்கோ எண்பது, நூறு சிறு முடிச்சுகளாகச் சிதறியிருக்கும்.

சினையா இல்லையா என்று பார்ப்பது சில வாரங்களில் பழகிவிடும். எண்ணுவதுதான் கலை. ஆய்வுமுனை காட்டுவது வயிற்றின் ஒரு மெல்லிய வெட்டுத்தளத்தை மட்டும். கையை விசிறி போல ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பினால்தான் முழுக் கருப்பையும் கண்ணில் படும். குட்டிகளும் சும்மா இருப்பதில்லை, உதைத்துப் புரளும். ஒன்றையே தலையாக ஒருமுறை, விலாவாக ஒருமுறை பார்த்து இரண்டு என்று எண்ணிவிடலாம். கருப்பையின் ஒரு கொம்பின் அடியில் கிடக்கும் மூன்றாவதை விட்டுவிடவும் செய்யலாம். இத்தனையையும் சில வினாடிகளில் முடித்து மணிக்கு நூறு ஆட்டுக்கு மேல் பார்க்கிறார்கள். தேர்ந்தவர்கள் நூற்றுக்கு 95-க்கு மேல் சரியாகச் சொல்கிறார்கள். அவர் எண்ணைக் கூவ, பக்கத்தில் நிற்பவர் முதுகில் வண்ணம் தெளிப்பார். இரட்டைக்கு ஒரு நிறம், மூன்றுக்கு வேறொன்று, சினை நிற்காததற்கு இன்னொன்று. ஒற்றைக்குப் பல பண்ணைகளில் அடையாளமே கிடையாது; அதுதான் அங்கே வழக்கமான நிலை.

ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை. ஸ்கேன் என்றாலே சட்ட எச்சரிக்கைப் பலகை நினைவுக்கு வரும் நமக்கு இது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும்.

இந்தக் கருவியின் வேர் அந்த மலைகளிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட், 1955-இல் ரென்ஃப்ரூவிலிருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குச் சென்றார். உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலியால் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் கொண்டுபோயிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலை தரப்பில் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு தயாராக இருந்தது. நீர்க்கட்டியும் திடக்கட்டியும் வெவ்வேறு எதிரொலி தந்தன. மருத்துவர் ஜான் மெக்விகார், பொறியாளர் டாம் பிரவுன் இருவரோடும் சேர்ந்து அவர் 1958-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் கருவுற்ற தாய்மார்களுக்கான ஸ்கேன் வளர்ந்தது.

ஆடுகளுக்கு 1960-களிலேயே ஒலிமுறை முயற்சி தொடங்கிவிட்டது என்றாலும், அப்போது கிடைத்தது உண்டு, இல்லை என்ற பதில் மட்டுமே. அசையும் உருவத்தை உடனுக்குடன் காட்டும் கருவி வந்த பிறகே எண்ண முடிந்தது. ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர்கள் ஃபவுலரும் வில்கின்ஸும் இதைச் செய்து காட்டினார்கள். ஃபவுலரோடு சேர்ந்து, எடின்பரோவின் மலைப்பண்ணை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வைட்டும் ரஸ்ஸலும் 1984-இல் பிரிட்டனின் கால்நடை மருத்துவ இதழான ‘வெட்டரினரி ரெக்கார்டு’வில் இதைப் பற்றி எழுதினார்கள். அதற்குப் பிறகு பண்ணைகளில் இது வேகமாகப் பரவியது.

இதே ரஸ்ஸலின் பெயர் 1969-இல் வந்த இன்னொரு கட்டுரையிலும் உண்டு. அதில் கருவியே இல்லை. ஆட்டின் இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் முனைகளை விரலால் அழுத்தி, எலும்பின்மேல் எவ்வளவு சதையும் கொழுப்பும் இருக்கிறது என்று 0 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறை அது. எலும்பு கூராகக் குத்தினால் 1. அழுத்தியும் எலும்பு தட்டுப்படாவிட்டால் 5. கம்பளி போர்த்திய ஆட்டின் உடல்நிலையைக் கண் ஏமாற்றிவிடும், கை ஏமாற்றாது. என் கணிப்பில் ஸ்கேனின் பாதிப் பயன் இந்த விரல் சோதனையில்தான் இருக்கிறது. வயிற்றில் இரண்டு என்று தெரிந்து, அந்தத் தாயின் முதுகில் என்ன மிச்சமிருக்கிறது என்று தெரியாவிட்டால் எவ்வளவு தீவனம் போடுவது?

தீவனம்தான் விஷயத்தின் மையம். குட்டியின் பிறப்பு எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் கடைசி ஆறு வாரத்தில்தான் சேர்கிறது. அதாவது மார்ச்சில் தொடங்கி, மலையில் எதுவுமே முளைக்காத நாட்களில். நஞ்சின் வளர்ச்சியோ 90-ஆம் நாளோடு முடிந்துவிடும். பிறகு தாய்க்கு எவ்வளவு கொடுத்தாலும் அந்த அளவு நஞ்சின் வழியாகத்தான் குட்டிக்குப் போக வேண்டும். இரட்டைக் குட்டிகள் அந்த எண்பது, நூறு முடிச்சுகளைப் பங்குபோட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றும் ஒற்றைக்குட்டியைவிட எடை குறைந்தே பிறக்கும்.

எல்லா ஆட்டுக்கும் நிறையப் போட்டுவிட்டால் என்ன என்று தோன்றலாம். ஒற்றைக்குட்டி சுமக்கும் ஆட்டுக்கு மிகுதியாகப் போட்டால் குட்டி பெருத்து, வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்ளும். ஆளில்லாத மலைச்சரிவில் அது தாய்க்கும் குட்டிக்கும் சாவு. இரட்டை சுமப்பதற்குக் குறைத்துப் போட்டால் வருவது வேறொரு ஆபத்து. அசைபோடும் விலங்கின் குடலிலிருந்து குளுக்கோஸ் ஏறக்குறைய வருவதே இல்லை. இரைப்பை நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்துத் தரும் புரோப்பியானிக் அமிலத்திலிருந்து கல்லீரல்தான் சர்க்கரை தயாரிக்க வேண்டும். வயிற்றில் இரண்டு குட்டிகள் இடத்தை அடைத்துக்கொண்டதால் இரைப்பை சுருங்கி, ஆடு தின்பதும் குறையும். குட்டிகள் மட்டும் சர்க்கரை உறிஞ்சுவதை நிறுத்தாது. தாய் தன் கொழுப்பைக் கரைக்கிறது. சர்க்கரை போதாத கல்லீரலால் அந்தக் கொழுப்பை முழுவதும் எரிக்க முடியாமல் கீட்டோன்கள் ரத்தத்தில் தேங்குகின்றன. ஆடு மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கும். பார்வை மங்கி வேலியில் முட்டும். தலையை வானம் பார்க்கத் தூக்கும். மூச்சில் அசிட்டோன் வாடை வரும். படுத்துவிட்டால் மீட்பது அரிது. நோய்க்கு இரட்டைக்குட்டி நோய் என்றே பெயர். முன்கூட்டிக் கண்டால் புரோப்பிலீன் கிளைக்காலை வாயில் ஊற்றிக் காப்பாற்றிவிடலாம். மிக மெலிந்த ஆட்டுக்கு மட்டுமல்ல, கொழுத்த ஆட்டுக்கும் இது வரும். விரல் மதிப்பெண் இங்கேதான் கைகொடுக்கிறது.

இப்படி அதே மந்தையில் ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சாகிறது. எது எது என்று தெரிந்தால் பிரித்துவிடலாம். அடர்தீவன மூட்டை குறையும், சாவும் குறையும். ஸ்கேன் புல்லை வளர்க்காது. இருக்கும் கொஞ்சம் எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்கிறது.

மலையில் இந்தப் பிரிவினை இன்னும் கறாரானது. ஒற்றை சுமக்கும் ஆடுகள் ஸ்கேன் முடிந்ததும் மேலே திரும்பிவிடும். இரட்டை சுமப்பவை வீட்டை ஒட்டிய வேலிநிலத்தில் தங்கும். அந்தக் கல்வேலிக்குள் இருக்கும் பசும்புல் சொற்பம். எத்தனை இரட்டைத் தாய்களுக்கு அது தாங்கும் என்பது ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் எல்லை. அதனால்தான் சமவெளிக்காரர் கொண்டாடும் இரட்டைக்குட்டி மலைக்காரருக்கு வரமும் தொந்தரவும் கலந்த ஒன்று. பால் ஊறும் அளவு மேய்ச்சலைப் பொறுத்தது. வறண்ட புல்லும் ஹெதர் புதரும் மேய்ந்து நாளெல்லாம் நடக்கும் தாயால் ஒரு குட்டியைத்தான் நன்றாக வளர்க்க முடியும். இரண்டு இருந்தால் ஒன்று பின்தங்கும். பின்தங்கியதற்கு நரியும் காக்கையும் காத்திருக்கும்.

மேலே வேலி கிடையாது. ஒவ்வொரு மந்தையும் தனக்கென்று ஒரு பரப்பை அறிந்திருக்கும். தாய் மேய்ந்த இடத்தை மகள் கற்றுக்கொள்ளும். விலைக்கு வாங்கி வந்த ஆட்டுக்கு இது தெரியாது. 2001-இல் கோமாரி நோய் பரவியபோது பிரிட்டனில் அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளை அழித்தார்கள். ஏரி மாவட்டம் அடங்கிய கம்பிரியாவின் பண்ணைகள் ஆடுகளை இழந்தபோது இடம் அறிந்த இந்தத் தலைமுறைத் தொடர்பும் போய்விடுமோ என்பதுதான் பெரிய அச்சமாக இருந்தது. ஆடு வாங்க நஷ்ட ஈடு கொடுக்கலாம், மலை தெரிந்த ஆட்டை எங்கே வாங்குவது? எனவே மலைப்பண்ணையில் ஒரு பெட்டைக்குட்டி இறந்தால் இறைச்சி மட்டும் நஷ்டமல்ல.

ஹெர்ட்விக், ஸ்வேல்டேல், பிளாக்ஃபேஸ், செவியட் என்று இந்த மலைகளுக்கென்றே தேறிய இனங்கள் உண்டு. சில ஈற்றுக்குப் பிறகு பல்தேய்ந்த ஆடுகளைக் கீழே விற்பார்கள். அங்கே மென்மையான புல்லில், புளூஃபேஸ்ட் லெஸ்டர் போன்ற கிடாயோடு சேர்ந்து தாராளமாக இரட்டை போடும். செவியட் ரத்தம் நமக்கும் அந்நியமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் கலந்து உருவானதுதான் நீலகிரி செம்மறி.

மூன்று என்று கூவும்போது மலைக்காரர் முகம் சுளிப்பதற்குக் காரணம் எளிது: மடியில் காம்பு இரண்டே. ஆனால் பிப்ரவரியிலேயே தெரிந்துவிட்டால் ஏப்ரலில் வழி இருக்கிறது. ஒற்றை ஈனும் தாய் ஒன்று அதே நேரத்தில் குட்டி போடும்போது, மூன்றில் ஒன்றை எடுத்து அந்தத் தாயின் பனிக்குட நீரில் நன்றாகப் புரட்டி, அதன் சொந்தக் குட்டியோடு மூக்கருகே வைப்பார்கள். ஆடு தன் குட்டியை முகர்ந்துதான் அறியும். ஈன்ற சில மணி நேரத்துக்குள் அந்த வாசனை மனதில் பதிந்துவிடும், பிறகு வேறு எதையும் முட்டித் தள்ளும். குட்டியை இழந்த தாய்க்குப் பழைய முறை ஒன்று: இறந்த குட்டியின் தோலை உரித்து அனாதைக் குட்டிக்குச் சட்டையாக மாட்டிவிடுவது. பார்க்கச் சங்கடமாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் தோலை அறுத்தெடுக்கும்போது தாய் அந்தக் குட்டியைத் தனதாக்கியிருக்கும்.

பண்ணைக்காரர்கள் கூடும் இடத்தில் ஸ்கேன் சதவீதம் ஒரு பெருமைப் பேச்சு. நூறு ஆட்டுக்கு 120 குட்டி, 130 குட்டி என்று. எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பிப்ரவரியில் திரையில் தெரிந்ததற்கும் இலையுதிர் காலத்தில் சந்தைக்கு வருவதற்கும் நடுவே ஏப்ரல் இருக்கிறது. 2013 மார்ச் கடைசியில் வேல்ஸ், கம்பிரியா, வட அயர்லாந்து, அரன் தீவு எங்கும் காற்றோடு கொட்டிய பனி, குட்டி போடும் தறுவாயிலிருந்த ஆடுகளை வேலியோரங்களில் உயிரோடு புதைத்தது. அந்த ஆண்டு நல்ல ஸ்கேன் சதவீதம் யாரையும் காப்பாற்றவில்லை. மேய்ச்சல் மோசமான உயர்மலைகளில் இரட்டையே அபூர்வம் என்பதால் ஸ்கேன் செலவு வேண்டாம் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் கணக்கும் தவறென்று சொல்ல முடியாது.

ஆனால் அவர்கள் இழப்பது ஒன்று உண்டு: சினை நிற்காத ஆடுகளின் எண்ணிக்கை. நூற்றுக்கு இரண்டு மூன்று என்றால் இயல்பு. அந்த ஆடுகளை உடனே விற்றுத் தீவனம் மிச்சப்படுத்தலாம். எண்ணிக்கை திடீரென்று கூடினாலோ, திரையில் கரைந்துகொண்டிருக்கும் கருக்கள் தென்பட்டாலோ கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கிடாயின் குறையாக இருக்கலாம். டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். பூனையின் கழிவு கலந்த தீவனம், தண்ணீர் வழியாக ஆட்டுக்கு வந்து, சினையின் தொடக்கத்தில் தொற்றினால் கருவைக் கரைத்துவிடும், பிந்தித் தொற்றினால் குட்டி வீச்சு. கிளமிடியா கிருமியால் வரும் குட்டி வீச்சு நோயோ ஓர் ஆண்டு தொற்றி அடுத்த ஆண்டு சினையின் கடைசி வாரங்களில் வெளிப்படும். இவை இரண்டும் மனிதருக்கும் தொற்றும், கருவிலிருக்கும் குழந்தைக்கு ஆபத்தானவை. அதனால் பிரிட்டனின் சுகாதாரத் துறை ஒவ்வோர் ஆண்டும் குட்டி போடும் பருவத்துக்கு முன் சொல்வது இது: கருவுற்ற பெண்கள் ஈனும் ஆடுகளின் பக்கம் போக வேண்டாம், புதிதாய்ப் பிறந்த குட்டியையும் நஞ்சையும் தொட வேண்டாம், ஆட்டுப்பட்டியிலிருந்து வரும் கணவரின் உடுப்பையும் காலணியையும் துவைக்கவோ கழுவவோ வேண்டாம்.